சின்ன கேபினெட்டில் ஒரு வீட்டு ஸ்டீரியோ: மலையின் இரு பக்கத்தாருக்கும் கேள்வி பதில்

அலுவலகம் ஒன்று கழித்துப் போட்ட கம்ப்யூட்டரின் ஒல்லியான கேபினெட்டைக் காலி செய்து, அதற்குள் ஆம்ப்ளிஃபயர், பாட்டை வாசிக்கும் சிறு கம்ப்யூட்டர், வால்யூம் குமிழ் ஆகியவற்றைப் பொருத்தி, வெளியே இரண்டு ஸ்பீக்கர்களை இணைத்தால் வீட்டுக்கு ஒரு முழு ஸ்டீரியோ தயார். செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கத்திலிருந்தும், மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கத்திலிருந்தும் நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நம் ஊர்ச் சாரலையும் இடியையும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கடையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினால் போதாதா?

சமையலறையில் கேட்க அது போதும். ஆனால் அதன் பேட்டரி தளர்ந்தால் பெரும்பாலும் முழுப் பொருளையும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. பசை வைத்து ஒட்டிய பெட்டியைத் திறக்கவே முடியாது. ஒரே பெட்டியிலிருந்து வரும் ஒலியில் இடம், வலம் என்ற பிரிவும் பெயரளவுக்குத்தான். நான் சொல்லும் ஸ்டீரியோவில் ஒவ்வொரு பாகமும் தனி. ஆம்ப் போர்டு போனால் ஆம்ப் போர்டை மட்டும் மாற்றலாம். மெமரி கார்டு போனால் கார்டை மட்டும் மாற்றலாம். நான்கு திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கண்முன் தெரியும். தென்காசியிலோ புனலூரிலோ ரேடியோ, டிவி பழுது பார்க்கும் எவரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எனக்கு ஒலித் தரத்தைவிட இதுவே பெரிய காரணம். ஒலியும் நன்றாகவே இருக்கும்.

மரப்பெட்டி செய்யாமல் ஏன் கம்ப்யூட்டர் கேபினெட்?

இரும்புத் தகடு வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது. சூட்டையும் வாங்கிப் பரப்புகிறது. எழுந்து நிற்கும் திருகுத் தூண்கள், காற்றுத் துளைகள், முன்பக்க யுஎஸ்பி, பவர் பொத்தான், சிறு விளக்கு எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான கேபினெட்டுகளின் திறப்புகள் உலகம் முழுவதும் ஒரே அளவு. பின்பக்கத்தில் மதர்போர்டின் சாக்கெட்டுகள் தலைநீட்டும் செவ்வகத் திறப்பு சுமார் 159 மி.மீ. அகலமும் 44 மி.மீ. உயரமும் கொண்டது. சிடி டிரைவ் உட்காரும் பெரிய அறை 146 மி.மீ. அகலம், 41 மி.மீ. உயரம். இந்த அளவுக்கு ஒரு முறை வெட்டிய தகடு நாளை வேறு கேபினெட்டுக்கும் பொருந்தும். சில நிறுவனங்களின் ஒல்லி மாடல்கள் மட்டும் தம் சொந்த அளவில் வரும். அவற்றை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மரம் கூடாது என்றில்லை. ஆனால் சாரல் காலத்தில் பிளைவுட் ஊதும். கரையான் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

எந்த அளவு கேபினெட் நல்லது? எங்கே கிடைக்கும்?

மினி ஐடிஎக்ஸ் என்ற சிறு மதர்போர்டுக்காகச் செய்த கேபினெட் மிக அழகாக அமையும். அந்த மதர்போர்டே 170 மி.மீ.க்கு 170 மி.மீ. தான். அது கிடைக்காவிட்டால் வங்கி, பள்ளி, அலுவலக மேசைகளில் படுத்துக் கிடக்குமே, அந்த வகை ஒல்லிக் கம்ப்யூட்டர் போதும். நம் பக்கம் பழைய இரும்புக்கடையிலும், மலைக்கு அப்பால் ஆக்ரிக்கடையிலும் எடைக்கே கிடைக்கிறது. துரு பிடித்திருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூடி சரியாக உட்காராத கேபினெட்டை வாங்காதீர்கள். பாட்டு ஓடும்போது அந்தத் தகடு அதிர்ந்து உயிரை வாங்கும்.

உள்ளே என்னென்ன வேண்டும்?

பாட்டை வாசிக்க ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) என்ற சிறு கம்ப்யூட்டர் ஒன்று. எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்ற டாக் எனப்படும் சிறு போர்டு. பிசிஎம் 5102ஏ சிப் உள்ள போர்டு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, வீட்டுக்கு அது தாராளம். அந்த அலையைப் பெரிதாக்க டிபிஏ 3116 சிப் உள்ள ஆம்ப் போர்டு. ஒரு 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர். அதிலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் இறக்கித் தர ஒரு சிறு கன்வர்ட்டர். 50 கே அளவுள்ள இரட்டை வால்யூம் கன்ட்ரோல் ஒன்று. வால்யூம் கன்ட்ரோல் லாக் (லாகரிதம்) வகையாக இருக்கட்டும். லீனியர் வகை என்றால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும், மீதித் திருப்பத்துக்கு வேலையே இருக்காது. இவற்றோடு ஒயர், ஸ்பீக்கர் டெர்மினல், சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

மென்பொருளுக்கு வால்யூமியோ, மூட் ஆடியோ போன்றவை இருக்கின்றன. கார்டில் எழுதிப் போட்டுவிட்டால் போனிலிருந்தே பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அமைப்புகளில் டாக் வகையாக ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 5102ஏ போர்டு பாடும்.

அண்ணாச்சி, என்னிடம் பழைய 4440 போர்டு சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

போடலாம். எல்ஏ 4440 காருக்காகப் பிறந்த ஐசி. 12 வோல்ட்டில் ஸ்டீரியோவாக ஒரு பக்கத்துக்கு 6 வாட் அளவு தரும். நம் ஊர்களில் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர் பாடிய வீடுகளில் பாதிக்குமேல் இதுதான் பாடியிருக்கும். எந்தக் கடைக்காரருக்கும் அது அத்துப்படி என்பதால் பழுது பார்ப்பதும் சுலபம்.

சிக்கல் சூடுதான். பழைய வகை ஆம்ப், ஸ்பீக்கருக்குத் தரும் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக வெப்பத்தையும் கக்கும். டிபிஏ 3116 போன்ற டி வகுப்பு ஆம்ப் வாங்கிய மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே தந்துவிடுகிறது. சின்ன கேபினெட்டில் இது பெரிய வித்தியாசம். 4440 போடுவதாக இருந்தால் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகத் துண்டு) வைத்து அதைக் கேபினெட்டின் பக்கச் சுவரோடு இறுக்குங்கள். 12 வோல்ட் ஃபேனை 5 அல்லது 7 வோல்ட்டில் ஓடவிட்டால் காற்றும் வரும், சத்தமும் கேட்காது.

எத்தனை வாட் இருந்தால் வீடு நிறையும்?

பெட்டிமேல் எழுதியிருக்கும் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் எல்லாம் விற்பனைக்காகப் போடும் எண்கள். கணக்கு இதுதான்: சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் தரும். பத்து வாட் கொடுத்தால் 97. வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். 19 வோல்ட்டில் ஓடும் டிபிஏ 3116, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவிலும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கும் தரும். ஓட்டு வீட்டுத் திண்ணையிலிருந்து கொல்லை வரை கேட்க இது போதும். கோவில் கொடைக்குக் கட்டுவதற்கு இது ஆகாது.

அந்தச் சிப்புக்கு 26 வோல்ட் வரை அனுமதி உண்டு. ஆனாலும் நம் பக்கத்து மின்சாரத்தையும் அடாப்டர்களின் தரத்தையும் பார்த்தால், 19 வோல்ட்டிலேயே நின்றுகொள்வது நல்லது. லேப்டாப் அடாப்டர் எங்கும் கிடைக்கும். அது போனால் அன்றே வேறு வாங்கலாம்.

கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சும்மாதானே இருக்கிறது, அதையே பயன்படுத்தினால் என்ன?

பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு இணைத்தால் அது உயிர்பெறும். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும். வேலை நடக்கும். இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் ஏறாது. அதன் ஃபேன் இரைச்சல் மெல்லிய பாட்டில் குறுக்கே வரும். எல்லாவற்றையும்விட, அதை வைத்தால் 230 வோல்ட் உங்கள் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அடாப்டரை வெளியே வைத்தால் பெட்டிக்குள் 19 வோல்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை. பிள்ளைகள் மூடியைத் திறந்து பார்த்தாலும் பயமில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் அதற்குள் 325 வோல்ட் அளவு நேர்மின்னோட்டமாகி கெப்பாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம்.

பெட்டியைத் தொட்டால் கையில் ஊர்கிறதே, ஷாக் அடிக்கிறதா?

இரண்டு முள் அடாப்டர்களில் இது சகஜம். இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறு கசிவு மின்னோட்டம் பெட்டியின் தகட்டுக்கு வருகிறது. புறங்கையால் மெல்லத் தடவினால் நன்றாகத் தெரியும். மூன்று முள் அடாப்டர் வாங்கி, வீட்டில் உண்மையான எர்த் இருக்கும் பிளக்கில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் ஒயர் இருக்காது. எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது ஸ்டீரியோவுக்கு மட்டுமான வேலை அல்ல. வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதே எர்த்தை நம்பித்தான் இருக்கின்றன.

பின்பக்கத்தில் ஸ்பீக்கர் டெர்மினல்களை எப்படிப் பொருத்துவது?

முழு வேலையிலும் நிதானம் தேவைப்படும் இடம் இது. முதலில் எல்லாப் போர்டுகளையும் வெளியே எடுத்து வையுங்கள். டிரில் போடும்போது பறக்கும் இரும்புத் தூள் ஒரு போர்டின் கால்களுக்கிடையே விழுந்தால், அது என்றைக்கோ ஒரு நாள் வேலையைக் காட்டும். 2 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பின்திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, உள்பக்கத்திலிருந்து வைத்து மூலைகளில் நான்கு எம்3 திருகுகள் போடுங்கள். டெர்மினலுக்கான இடத்தில் ஆணியால் ஒரு சிறு பள்ளம் தட்டி, 3 மி.மீ. முனையால் தொடங்கி, படிப்படியாக 8 மி.மீ. வரை பெரிதாக்குங்கள். நேரே பெரிய முனையை வைத்தால் அது வழுக்கி தகட்டைக் கீறும். துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கிய பிறகு டெர்மினலைச் செருகுங்கள்.

டெர்மினலோடு வரும் பிளாஸ்டிக் வளையம் துளைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். டிபிஏ 3116 போர்டில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை என்பது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ்) அல்ல. சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளுக்கும் பின்னால் தனித்தனி ஆம்ப் நிற்கிறது. இரண்டிலும் சில வோல்ட் எப்போதும் இருக்கும். கறுப்பு முனை தகட்டைத் தொட்டாலும், இடது கறுப்பையும் வலது கறுப்பையும் சேர்த்து முடிந்தாலும் ஆம்ப் போய்விடலாம். பழைய 4440 வகைக் கட்டமைப்பில் பழகியவர்கள் பழக்கத்தில் இரண்டு கறுப்பையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, நான்கு டெர்மினல்களையும் தகட்டோடு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்றுகூட ஒலிக்கக் கூடாது.

டாக் போர்டு ஒயர்களும் பவர் பொத்தானும் எங்கே போக வேண்டும்?

ராஸ்பெர்ரி பையின் 40 ஊசிகளில் 12ஆம் ஊசி, 35ஆம் ஊசி, 40ஆம் ஊசி மூன்றும் பாட்டுக்கானவை. 12 டாக்கின் பிட் கடிகாரத்துக்கு, 35 இடம் வலம் பிரிக்கும் கோட்டுக்கு, 40 தரவுக்கு. இவற்றோடு 5 வோல்ட், கிரவுண்ட். மலிவான 5102ஏ போர்டில் எஸ்சிகே என்று எழுதியிருக்கும் முனையைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவையுங்கள். அதைச் செய்யாத போர்டு பாடாமல் இருக்கும், அல்லது கரகரக்கும். பலரும் டாக்கைக் குறைசொல்லி வேறு வாங்கிவிடுகிறார்கள். ஒயர்கள் பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

கேபினெட்டின் பவர் பொத்தானிலிருந்து வரும் இரண்டு துளை பிளக், ராஸ்பெர்ரி பையின் 5, 6ஆம் ஊசிகளில் அப்படியே உட்காரும். உறங்கும் பை அதை அழுத்தினால் எழும். மென்பொருள் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் அதே பொத்தானே முறையாக அணைக்கவும் செய்யும். விலை கூடிய சில டாக் போர்டுகள் 5ஆம் ஊசியைத் தம் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. 5102ஏ அதைத் தொடுவதில்லை. முன்விளக்குக்கு 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைப்புக் கொடுங்கள்.

பெட்டியை மூடியதும் வைஃபை வருவதில்லையே?

இரும்புப் பெட்டி வெளி இரைச்சலைத் தடுப்பது போலவே வைஃபையையும் புளூடூத்தையும் தடுக்கிறது. லேன் கேபிள் போடுவது சிறந்தது. இல்லாவிட்டால் யுஎஸ்பி வைஃபை ஒன்றைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி பொருத்துங்கள்.

பாட்டு ஓடாதபோதும் உம்மென்ற சத்தமும் கீச்சென்ற சத்தமும் கேட்கின்றன. என்ன செய்வது?

எந்தச் சத்தம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தாழ்ந்த உம் சத்தம் வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை ஒயரில் இணைத்திருந்தால் அதைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் இரண்டு வழியில் சுற்றி வருகிறது என்று பொருள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சிறு டிரான்ஸ்பார்மர் பெட்டி கிடைக்கும், அதைப் போட்டால் தீரும். கம்ப்யூட்டர் யோசிக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும் கீச்சுச் சத்தம் என்றால், ராஸ்பெர்ரி பைக்கும் ஆம்புக்கும் ஒரே மின்வழி இருப்பதுதான் காரணம். பைக்கு மட்டும் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்துச் சோதியுங்கள். பெரும்பாலும் அதோடு அமைதி வந்துவிடும்.

மூன்றாவது, எப்போதும் ஒரே அளவில் வரும் உஸ் சத்தம். அது ஆம்பின் பெருக்கம் தேவைக்கு மேல் இருப்பதால் வருவது. டாக் ஏற்கனவே 2 வோல்ட் தருகிறது. அதற்கு 20 டெசிபல் பெருக்கம் போதும். சிப்பிலேயே 20, 26, 32, 36 என்று நான்கு நிலைகள் உண்டு. போர்டில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றிக் குறைக்கலாம்.

பெட்டியின் தகட்டை எங்கே கிரவுண்டோடு இணைப்பது என்றும் கேட்கிறார்கள். ஒரே ஓர் இடத்தில், ஆம்புக்குள் சிக்னல் நுழையும் இடத்துக்கு அருகில். பெயின்டைச் சுரண்டிவிட்டுத் திருகுங்கள்.

சாரல் காலத்தில் எலக்ட்ரானிக்ஸ் கெட்டுப்போகாதா?

கெடும். அதனால்தான் இதற்குக் கொஞ்சம் நீண்ட பதில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் பாய்கிறது. குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு அது சீசன். போர்டுகளுக்கோ அது பூஞ்சைக் காலம். துணி காயாத வீட்டில் போர்டும் காயாது.

முதல் காவல், பற்றவைத்த பிறகு போர்டின் அடியைத் துடைப்பது. சால்டரிங் பேஸ்ட் மிச்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாளடைவில் பச்சைப் பூச்சாகச் செம்பை அரிக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷை நனைத்துத் தேய்த்துக் காயவிடுங்கள். இரண்டாவது, போர்டுக்கான லாக்கர் ஸ்பிரே. ஊசிகள், சாக்கெட்டுகள், வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றை டேப்பால் மூடிவிட்டு அடிக்க வேண்டும். மூன்றாவதற்குச் செலவே இல்லை: சாரல் நாட்களில் ராஸ்பெர்ரி பையை அணைக்காமல் விடுங்கள். அது எடுக்கும் சில வாட் மின்சாரமே பெட்டிக்குள் வெளியைவிடச் சற்று வெதுவெதுப்பை வைத்திருக்கும், ஈரம் படியாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்று புகாத டப்பாவுக்குத்தான். காற்றுத் துளை உள்ள கேபினெட்டில் போட்டால் அது ஊரின் ஈரத்தை எல்லாம் குடித்துத் தீர்ந்துவிடும்.

வெதுவெதுப்பு என்றதும் பல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பல்லி போர்டின் குறுக்கே படுத்தால் போதும், ஷார்ட். அதன் எச்சமும் செம்பை அரிக்கும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை வெட்டி, எல்லாத் திறப்புகளிலும் உள்பக்கமாக ஒட்டுங்கள். காலியான பின் ஸ்லாட்டுகளை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. எறும்புக்கு அந்த வலை போதாது. பெட்டி நிற்கும் பலகையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வழி.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், அக்டோபர், நவம்பரில் கேரளப் பக்கம் துலாவர்ஷம் என்று சொல்லும் மழையிலும் மலையோரத்தில் பிற்பகல் இடி கடுமை. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். லேன் கேபிளையும் கழற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கரண்ட் வழியாக வராதது அந்தச் செம்பு ஒயர் வழியாக வந்து பையை எரிக்கிறது. சர்ஜ் புரொட்டெக்டர் சிறு அடிகளைத் தாங்கும், அருகில் விழும் இடியைத் தாங்காது.

அடிக்கடி கரண்ட் போகிறது. மெமரி கார்டு கெடுமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெடலாம். ரௌட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை, 5 வோல்ட் இறக்கும் கன்வர்ட்டர் வழியாக, ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் வைத்தால் போதும். பாட்டுகளைக் கார்டில் வைக்காமல் தனி பென்டிரைவில் வையுங்கள். கார்டின் நகல் ஒன்றை எடுத்து, சிறு உறையில் போட்டு மூடியின் உள்பக்கமே ஒட்டிவிடுங்கள். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் அது ஓடும் நேரத்தில் ஸ்பீக்கரில் இரைச்சல் கூடும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

ரேடியோவையும் இதிலேயே சேர்க்க முடியுமா?

எஃப்எம் முடியும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது, கொடைக்கானல் 100.5, திருவனந்தபுரம் 101.9 ஆகியவற்றில் எது உங்கள் வீட்டுக்கு எட்டும் என்பதை மலைதான் தீர்மானிக்கிறது. ஆன்டெனா கட்டாயம் பெட்டிக்கு வெளியே, முடிந்தால் மாடியில் இருக்க வேண்டும். மத்திய அலையில் கேட்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. டி வகுப்பு ஆம்ப் நொடிக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் தடவை வரை திறந்து மூடி வேலை செய்கிறது. திருநெல்வேலி வானொலி வரும் மத்திய அலைவரிசையும் ஏறத்தாழ அதே பரப்பில் இருக்கிறது. எனவே மத்திய அலைக்குத் தனி டிரான்சிஸ்டரைத் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

வளைகுடாவிலிருந்து அப்பா பேசி அனுப்பிய பழைய கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றை இதில் ஏற்ற முடியுமா?

முடியும். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். போன் பேச வசதியும் காசும் இல்லாத நாட்களில் மலையின் இரு பக்கத்து வீடுகளுக்கும் அப்படிக் கேசட் கடிதங்கள் வந்தன. பாட்டுக் கேசட் போனால் வேறெங்காவது அதே பாட்டு கிடைக்கும். இந்தக் குரல் உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

ராஸ்பெர்ரி பைக்குள் ஒலியை வாங்கும் வழி இல்லை. லைன் இன் (ஒலியை வாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். நன்றாக ஓடும் கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு ஒயர் கொடுங்கள். வாசிப்பதற்கு முன் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சிறு ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெட்டவெளியில், மெல்லிய உலர்ந்த துணியால் நாடாவைத் தொட்டபடி பென்சிலால் மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். கேசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு பஞ்சுத் துண்டு நாடாவை ஹெட்டோடு அழுத்தும். அது உதிர்ந்துபோயிருந்தால் குரல் மங்கி மங்கி வரும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். எல்லாம் சரியாக இருந்தும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால், ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சிறு திருகை ஓடும்போதே இம்மி இம்மியாகத் திருப்புங்கள். எழுத்துகள் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 635 எம்பி வரும். பேச்சுக்கு மோனோ போதும் என்பதால் அதில் பாதி. ஃப்ளாக் வடிவத்தில் வைத்தால் தரம் குறையாமல் இன்னும் சுருங்கும். ஒரு நகலை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் எதை வாங்குவது? அறையை ஏதாவது மாற்ற வேண்டுமா?

பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். டாக்கை மாற்றினால் காது தேடித்தான் வித்தியாசம் காண வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியும். பழைய இரு வழி ஸ்பீக்கர் (தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் கூம்பு உள்ளது) ஜோடி, கூம்பின் ஓரத்து ரப்பர் உதிராமல் இருந்தால் நல்ல பேரம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1 சதுர மி.மீ. செம்பு ஒயரே போதும். போய்வரும் பத்து மீட்டருக்கும் சேர்த்து அதன் தடை 0.17 ஓம்தான்.

நம் வீடுகளில் டைல்ஸ் தரையும் சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, எதிர்ச்சுவர் ஓரம் மெத்தை போட்ட கட்டில் இருந்தாலே வார்த்தைகள் தெளியும். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் தாழ்ந்த ஒலி குழம்பும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வையுங்கள்.

அதே கேபினெட்டுக்குள் ஸ்பீக்கரையும் வைத்துவிடலாமா?

வேண்டாம். மெல்லிய தகடு கூடவே அதிரும். அதிர்வில் இணைப்புகளும் தளரும்.

5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஆக்க முடியுமா?

முடியும், ஆனால் அவசியமில்லை. நம் வீடுகளில் ஓடும் பாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்பீக்கருக்காகவே கலக்கப்பட்டவை. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

முதன்முதலில் கரண்ட் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அடாப்டரின் வெளி முனை, உள் முனை இரண்டில் எது பிளஸ் என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். இறக்கும் கன்வர்ட்டரை ராஸ்பெர்ரி பையோடு இணைப்பதற்கு முன், அதன் சிறு திருகைத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள்; கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கும். பிறகு ஆம்புக்கு மின்சாரம் கொடுத்து, ஒரே பக்கத்தின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே நேர்மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் எரியும். நிறுத்திவிட்டுப் போர்டைச் சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் வால்யூமை அடியில் வைத்து, முதலில் போனால் போகட்டும் என்ற பழைய ஸ்பீக்கரை இணையுங்கள். அரை மணி நேரம் பாடிய பிறகு சிப்பின் ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைத்திருக்க முடிந்தால் சரி.

எந்த நிற ஒயர் எங்கே போகிறது, அடாப்டர் எத்தனை வோல்ட், கார்டில் எந்த மென்பொருள் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பழுது பார்க்க வருபவர் உங்களுக்கு போன் செய்ய வேண்டியிருக்காது.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது. எங்கே தேடுவது?

பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் மாறாமல் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. ஊமைத்தனம் மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால் குறை பெட்டிக்குள். அடுத்து ஆம்புக்குள் நுழையும் இரண்டு சிக்னல் ஒயர்களை மாற்றிப் பாருங்கள். மாறினால் ஆம்ப் நல்லது, அதற்கு முன்னால் இருக்கும் டாக்கையோ வால்யூம் கன்ட்ரோலையோ பாருங்கள். சாரல் முடிந்த செப்டம்பரில் இப்படி வந்தால் முதலில் வால்யூம் கன்ட்ரோலைச் சந்தேகியுங்கள்: குமிழை இரு முனைக்கும் பலமுறை திருப்பியதும் கரகரத்துக்கொண்டு அந்தப் பக்கம் பாட ஆரம்பித்தால், உள்ளே கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்யூம் கன்ட்ரோலை மட்டும் கழற்றி மாற்றுங்கள்; ஆறு ஒயர், ஒரு நட்டு, அவ்வளவுதான் வேலை.